பந்து கொடுக்கிறவன்

இப்போதெல்லாம் எதற்குக் கைதட்டுவது என்று ஒரு வரைமுறையே இல்லை. குனிந்து வேலை செய்கிறவனைப் பார்த்து எவனும் தட்டுவதில்லை. ஒரு பந்து வளையத்துக்குள் விழுந்தால் காரைக்கால் மைதானமே எழுந்து நிற்கிறது. விழிதியூர் இளையபெருமாள் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

அவர் மகன் நீலமேகத்தைச் சென்னையில் ஒரு வங்கி, கூடைப்பந்து ஆடுவதற்காகவே எழுபத்தைந்தாம் வருஷம் வேலைக்கு எடுத்தது. ஒன்பது வருஷமாகச் சம்பளம் வருகிறது. இளையபெருமாள் நம்பவில்லை. ஆட்டம் நின்றால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று, அவன் பங்கு மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு விடாமல் தானே உழுதுகொண்டிருந்தார். இப்போது மகனுக்கு முழங்கால் போய்விட்டது, அவருக்கு இடுப்பு. இதுதான் அவனுக்குக் கடைசி ஆட்டம். இனி மேசை வேலை. நிலத்தைப் பக்கத்து வயல் கருப்பையனிடம் குத்தகைக்கு விட்டுவிடுங்கள் என்று சொல்லித்தான் அவரை அழைத்து வந்திருந்தான்.

அவர் ஆட்டம் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. நீலமேகம் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறான். வளையம் கிட்டே வந்ததும் ஒரு நெட்டையனிடம் கொடுத்துவிடுகிறான்.

"எல்லாத்தயும் எடுத்துக் குடுக்குறான். போடுறவன் வேற ஆளு. இவனுக்கு எதுக்குச் சம்பளம்?"

பக்கத்தில் இருந்த உரக்கடை நாகூர் மீரான் சிரித்தார். "அவரு கார்டுங்குற எடத்துல ஆடுறவருண்ணே. குடுக்குறதுதான் வேலை. பாக்காமயே குடுக்குறாரு, பாருங்க."

பார்த்தார். நெட்டையன் இன்னும் வந்து சேராத இடத்துக்குப் பந்து முதலில் போனது. அந்த வீச்சு அவருக்குத் தெரியும். வரப்பில் நின்று நாற்றுக்கட்டான முடியை வீசுவது அப்படித்தான். நடுகிறவள் பின்னால் நகர்ந்து வரப்போகிற இடத்தில் முடி விழ வேண்டும். முதுகில் விழுந்தால் வசவு. சின்ன வயதில் நீலமேகம் ஒரு நாளும் வசவு வாங்கியதில்லை.

ஆட்டம் முடிந்து நொண்டிக்கொண்டே வந்தான்.

"கருப்பையண்ணன்கிட்ட சொல்லிடலாமாப்பா?"

"ஆடாதவன எத்தன வருஷம் வச்சிருப்பான்?"

"ரிட்டயர் ஆவுற வரைக்கும்பா. எழுதியே குடுத்திருக்காங்க."

"நாத்து வீசுறவனுக்கு நடவு முடியிற வரைக்கும்தான்டா கூலி. அப்பறம் ஒக்கார வச்சு எவன் குடுப்பான்?"

நீலமேகம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். இளையபெருமாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டு மாவ விடு. ஒரு மா இருக்கட்டும்."

"அது எதுக்குப்பா?"

"நீ திரும்பி வந்தா சோத்துக்கு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பின்னால் யாருக்கோ கைதட்டினார்கள். அவர் திரும்பவில்லை.