கனடாக் குளிசை

எனக்குத் தைரொயிட் வந்து ஆறு வருடம். விடிய எழும்பியதும் வெறும் வயிற்றில் இரண்டு குளிசை. பிறகு அரை மணித்தியாலம் தேத்தண்ணியை நினைத்துக்கொண்டு இருக்க வேண்டும். கிளினிக் கொப்பியில் இரண்டு என்று எழுதியிருந்தது, நானும் பிசகாமல் இரண்டு போட்டேன்.

சித்திரையில் தங்கை றொசாந்தி கனடாவிலிருந்து வந்தபோது அதே மருந்தில் இரண்டு பெரிய போத்தல் கொண்டுவந்தாள். வெளிநாட்டு மருந்தென்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பக்தி. கிளினிக் குளிசையை அலுமாரிக்குள் தள்ளிவிட்டுக் கனடாக் குளிசைக்கு மாறினேன்.

மற்றப் போத்தலை என் கணவரின் தாய்க்குக் கொடுத்தேன். மாமிக்கும் தைரொயிட், ஆனால் அவருக்கு நாளுக்கு ஒன்றுதான். நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்தவர், சாவகச்சேரியில் தனியே இருக்கிறார். எனக்கும் அவருக்கும் கல்யாணத்தன்று தொடங்கிய கீரியும் பாம்பும் உறவு. இருந்தும் மனமுவந்துதான் கொடுத்தேன். "கொப்பியிலை கிடக்கிறமாதிரிப் போடுங்கோ மாமி" என்று நானேதான் சொன்னேன்.

மூன்று மாதத்தில் ஏழு கிலோ இளைத்தேன். சந்தையில் கண்டவர்களெல்லாம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்க, எனக்குத் தலைகால் புரியவில்லை. கை நடுங்கியது, நித்திரை போனது, நெஞ்சு அடித்துக்கொண்டது. எரிந்து எரிந்து விழுந்தேன். கோபம் எனக்கு முந்தியும் இருந்ததால் வீட்டில் யாரும் அதை நோய் வருத்தமென்று எடுக்கவில்லை.

இன்று காலை கிளினிக்கில் என் இரத்த ரிப்போட்டைப் பார்த்த டொக்டர் நிமிர்ந்தார்.

"எத்தினை குளிசை போடுறீங்கள்?"

"ரெண்டு. கொப்பியிலை கிடக்கிறமாதிரித்தான்."

கைப்பையிலிருந்த போத்தலை எடுத்துக் காட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, நாங்கள் தாறது அம்பது மைக்ரோகிராம். உது நூறு. மூண்டு மாதமா இரட்டிப்பாப் போட்டிருக்கிறியள். இதயத்துக்குக் கூடாது. வருத்தமுள்ள இதயமெண்டால் உயிருக்கே ஆபத்து."

என்னைப் பற்றிய பயம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கதிரையைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி மாமிக்கு அழைத்தேன். நாலு தரம் அடித்த பிறகுதான் எடுத்தார்.

"மாமி, நான் தந்த குளிசை இனிப் போடாதேங்கோ."

"ஏன் பிள்ளை? நல்ல மருந்தெல்லோ. ரெண்டு கிழமையா நெஞ்சு ஒரே படபடப்பு. வருத்தம் கூடிப்போச்சாக்கும் எண்டு இப்ப ஒண்டுக்கு ரெண்டாப் போடுறன். நீ போத்தலோடை தந்தபடியாலைதான் தாராளமாப் போடக் கிடக்கு. பெத்த பிள்ளையளும் இப்பிடிப் பாக்காதுகள்."

ஐம்பது போட வேண்டியவர் இருநூறு போடுகிறார். அதற்காக என்னைப் புகழ்கிறார். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மாமி, பிழை நான் விட்டது. அது எங்கடை குளிசையை விடக் கூடின பலம். அந்தப் படபடப்பே நான் தந்த குளிசையாலைதான். எழும்பாமல் இருங்கோ, அம்புலன்ஸ் அனுப்புறன்."

அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"மாமி, என்னை ஏசுங்கோ" என்றேன்.

மறுபக்கத்தில் போன் எதன்மேலோ விழுந்தது.