பாசி பிடிக்காத கல்

கல்லில் உளி பட்ட முகம் வெளியே தெரியக் கூடாது. அந்தக் கட்டடத்துக்கு அதுதான் சட்டம். பூங்கா பார்க்க வருகிறவர்கள் மழைக்கு ஒதுங்கவும், கணப்பு மூட்டிக் குளிர்காயவும் எங்கள் மலையில் அரசாங்கம் ஒரு மண்டபம் கட்டிக்கொண்டிருந்தது. மலையே பெற்றுப்போட்ட மாதிரி அது இருக்க வேண்டுமாம். பளிச்சென்று ஒரு கல் கண்ணில் பட்டாலும் போதும், நகரத்திலிருந்து வரும் அதிகாரி சுவரையே பிரிக்கச் சொல்லிவிடுவார். அதனால் முகாம் பையன்கள் காடு முழுக்க அலைந்து பாசி பிடித்த பழங்கல்லாகப் பார்த்துப் பொறுக்கி வந்தார்கள். நாடே வேலையில்லாமல் கிடந்த காலம் அது. பட்டணங்களில் பட்டினி கிடந்த பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்து இங்கே முகாம் போட்டு வைத்திருந்தார்கள். அவர்களுக்குக் கல் வைக்கச் சொல்லிக்கொடுக்க உள்ளூர்க் கொத்தனார் வேண்டும் என்று என் தம்பி ஓட்டிஸைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அக்காக்காரி எனக்கு அதில் வயிற்றெரிச்சல்தான். மலை பூராவையும் வளைத்துப்போடும் அந்தப் பூங்காவுக்காகத்தானே எங்களைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். இந்த வருஷம் ஆப்பிள் பறித்து முடித்ததும் எல்லாரும் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். "நம்மளைத் துரத்துறவனுக்கே சுவர் வெக்கிறியே, உனக்குச் சோறு இறங்குதா?" என்று நான் கேட்காத நாள் கிடையாது. ஓட்டிஸ் வாயைத் திறக்க வைப்பதைவிடப் பாறையைப் புரட்டுவது சுலபம்.

மே மாதம், கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிறு. மெழுகில் தோய்த்த காகிதப் பூக்களை எடுத்துக்கொண்டு நானும் ஓட்டிஸின் மனைவி லூடியும் கல்லறை மேட்டுக்கு ஏறினோம். மறுநாள் அதிகாரி வருகிறார், கணப்பை முடித்தாக வேண்டும் என்று அவன் காலையிலேயே கிளம்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வேலை! அதற்கும் நான் நாலு வார்த்தை சொல்லித்தான் அனுப்பினேன்.

எங்கள் கல்லறைகளில் பெயர் எழுதுகிற வழக்கம் இல்லை. தலைமாட்டில் ஒரு காட்டுக்கல்லை நடுவோம், அவ்வளவுதான். எது யாருடையது என்று அவரவருக்குத் தெரியும். வெர்டியின் கல்லில் குறுக்கே, பால் வழிந்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு ஓடும். வெர்டி லூடியின் ஒரே மகள். மூன்று வயதில் தொண்டை அடைப்பான் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு நாலு குளிர்காலம் போய்விட்டது.

அந்தக் கல்லைக் காணோம். அது நின்ற இடத்தில் ஈரமாக ஒரு குழிதான் இருந்தது.

"அண்ணி, கல்லு எங்க?" என்றாள் லூடி. என்னமோ நான் எடுத்து ஒளித்து வைத்த மாதிரி. பிறகு மண்டி போட்டுப் புல்லை விலக்கி விலக்கித் தேடினாள். மண்மேடு எப்போதோ அமிழ்ந்து தரையோடு தரையாகிவிட்டது. கல் போனால் இடமும் போச்சு. இன்னொரு கோடைக்குப் புல் மூடிவிட்டால் பெற்றவளுக்கே தெரியாது.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. லூடியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே மண்டபத்துக்கு இறங்கினேன். வாசலில் மேஸ்திரி கெல்சோ நின்றிருந்தார்.

"ஏன்யா கெல்சோ, உங்க பசங்களுக்குக் கண்ணு இருக்கா, இல்ல அவிஞ்சு போச்சா?"

"என்ன ஆச்சு மிஸ் ஓமா?"

"செத்த புள்ளையோட தலைமாட்டுக் கல்லப் பிடுங்கிட்டு வந்திருக்கானுங்க. வீட்டைப் புடுங்கியாச்சு, நிலத்தைப் புடுங்கியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சா?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "முரட்டுப் பசங்கதான், ஒத்துக்கறேன். ஆனா இந்தக் காரியம் பண்ண மாட்டானுங்கம்மா. பண்ணியிருந்தா நானே தோலை உரிச்சிடுறேன்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே லூடி எங்களைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். போய்ப் பார்த்தால், கணப்பின் பக்கச் சுவருக்கு முன்னால் நிற்கிறாள். சுவரில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, அந்த வெள்ளைக் கோடு. பக்கத்தில் கொத்துக்கரண்டியும் கையுமாக ஓட்டிஸ்.

"உளியை எடு ஓட்டிஸ்," என்றார் கெல்சோ. "இப்பவே எடுத்துடலாம். நாளைக்கு அதிகாரி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

"பசங்க மேல தப்பில்ல," என்றான் ஓட்டிஸ். "நான்தான் எடுத்தேன்."

"அடப்பாவி," என்றேன் நான்.

லூடி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"நாம போயிடுவோம் லூடி. மேடு பூரா பைன் மரம் ஏறிடும். பத்து வருஷம் போனா அங்க கல்லறை இருந்துச்சுன்னு சொல்ல ஒரு ஆள் இருக்காது. இந்தச் சுவரை இடிய விட மாட்டாங்க. ஒரு கல்லு ஆடினாலும் ஆள் வெச்சுப் பாத்துக்குவாங்க."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா வேணாம்பே."

"கல்லுதான் இங்க வந்திருக்கு ஓட்டிஸ். அவ அங்கதானே கெடக்கா. தலைமாட்டுல ஒண்ணும் இல்லாம."

அவன் உளியை எடுத்தான். கல்லைச் சுற்றியிருந்த சாந்தில் வைத்தான். ஒரு தட்டுத் தட்டியிருப்பான்.

"இரு," என்றாள் லூடி. "இதை ஏன் இவ்வளவு தாழ வெச்சே? நல்ல கல்லைக் கண்ணுக்கு நேரா வெக்கிறவன்தானே நீ."

ஓட்டிஸ் உளியைக் கீழே வைத்தான். "இப்ப இருந்தா ஏழு வயசு," என்றான். "இவ்வளவு உசரம்தான் இருப்பா."

லூடியின் கை தானாகப் போய் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்தது. குழந்தையின் உச்சந்தலையில் வைப்பது போலவே. அப்படியே நின்றாள். ஊரில் யாருக்கும் வாய் மூடாத நான் வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது இங்கயே இருக்கட்டும்," என்றாள் பிறகு. "ஆனா அவளுக்கு வேற கல்லு வேணும். இன்னிக்கே."

"நல்ல பழங்கல்லா ஒண்ணு பொறுக்கி..." என்று ஆரம்பித்தார் கெல்சோ.

"பழசு வேணாம். புதுசா உடைச்சது குடுங்க."

மண்டபத்துக்குப் பின்னால் கழித்துப்போட்ட கற்கள் குவிந்து கிடந்தன. எல்லாம் உளி பட்டு, பாறையை உடைக்கத் துளை போட்ட தடத்தோடு, எந்தச் சுவருக்கும் ஆகாதவை. அதில் வெளேரென்று இருந்த ஒன்றை லூடி காட்டினாள். கெல்சோவும் ஓட்டிஸும் அதை மேட்டுக்குத் தூக்கி வந்தார்கள். குழி இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. கல்லை இறக்கும்போது பழக்க தோஷத்தில் ஓட்டிஸ் உளி பட்ட முகத்தைக் காட்டுப் பக்கமாகத் திருப்பினான்.

"இந்தப் பக்கம் திருப்பு," என்றாள் லூடி. "பாதையிலேருந்து தெரியணும்."

திருப்பி நட்டு, மண்ணை மிதித்து இறுக்கினான். பழைய கற்களுக்கு நடுவே அது மட்டும் தனியாகத் தெரிந்தது.

"இதுக்குப் பாசி பிடிக்க எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டாள் லூடி.

"நாப்பது. அம்பதுகூட ஆகும்."

"அப்ப நான் சாகிற வரைக்கும் தெரியும்," என்றாள்.

வெர்டியைப் புதைத்த அன்றைக்குக்கூட ஓட்டிஸ் அழவில்லை. இப்போது அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். லூடி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் காகிதப் பூவைக் கல்லடியில் வைத்துவிட்டு, கெல்சோவைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.