ஓட்டில் எழுதிய தேதி

பீங்கான் பட்டறைகளுக்குப் பேர்போன தொலோரெஸ் ஊருக்குப் போய்த் தட்டு வாங்கி வரலாம் என்று எலீசியோ சொன்னபோது, அமாலியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பது வருடக் குடித்தனத்தில் தட்டு வாங்க அவன் பஸ் ஏறியதாகச் சரித்திரமே இல்லை.

"என்ன கிழவா, திடீர்னு என் சமையல்கட்டு மேல இவ்வளவு கரிசனம்?"

"இருக்கிறதெல்லாம் விளிம்பு போயிக் கிடக்குதே."

பச்சைப் பொய். மூன்று வாரத்துக்கு முன் ஆய்வகத்திலிருந்து அவனுக்குப் போன் வந்திருந்தது. மலையடிவாரத்தில் தோண்டி எடுத்த எலும்புகள், நான்கு வருடமாக அவர்கள் தேடிக்கொண்டிருந்த மகன் உரியேலுடையவை. அதை அமாலியாவிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கல்லறையில் பதிக்கும், பெயர் எழுதிய பீங்கான் ஓட்டுக்கு மட்டும் தொலோரெஸ் பட்டறை ஒன்றில் சொல்லி வைத்துவிட்டான். கூட்டிக்கொண்டு போனால் அந்த ஓடே அவளிடம் சொல்லிவிடும் என்று நினைத்தான். கோழைத்தனம்தான், அது அவனுக்கும் தெரியும்.

சதுக்கத்தில் அமாலியா சோள ஐஸ்கிரீம் வாங்கித் தின்றாள். கடைத்தெருவில் நீலமும் மஞ்சளுமாகக் கூரைவரை அடுக்கியிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டாள். "இது கீறல் விட்டது. யாரை ஏமாத்தப் பாக்கிறே?" என்று கடைக்காரனை மிரட்டி, நல்லதாக ஆறு பொறுக்கினாள். அவள் சிரித்தே எத்தனையோ நாளாகியிருந்தது.

பட்டறையில் ஓடு எழுதும் எர்லிந்தா, சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்து ஓட்டை நீட்டினாள். "சுத்திலும் செவ்வந்திப் பூ போட்டிருக்கேன் ஐயா. அதுக்குக் காசு வேண்டாம்."

நீல எழுத்தில் உரியேலின் பெயர். பிறந்த நாள். அதன் கீழே, இறந்தது மார்ச் 7.

அமாலியா அழவில்லை. ஓட்டை வாங்கி மடியில் வைத்து, தேதியின் மேல் விரலை வைத்தாள்.

"கிடைச்சுட்டானா?"

எலீசியோ தலையாட்டினான்.

"ஏழுன்னு யார் சொன்னது?"

"சரியான நாள் யாருக்கும் தெரியலை. வீட்டை விட்டுப் போன நாளைப் போடச் சொன்னேன்."

அன்று, கண்ட கண்ட பயல்களோடு சுற்றுகிறான் என்று மகனை வாசலில் வைத்து அறைந்தவன் எலீசியோதான். இனி இந்தப் படியை மிதிக்காதே என்று தெருவே கேட்கக் கத்தினான்.

"தப்பு. ஒன்பதாம் தேதி உயிரோட இருந்தான்" என்றாள் அமாலியா.

எர்லிந்தா பதறினாள். "அம்மா, சூளையில சுட்டாச்சு. இனி அழிக்க முடியாதே."

"அப்போ வேற எழுதுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் எலீசியோ.

"அன்னிக்கு ராத்திரி போன் பண்ணினான். அப்பா கோபம் தணிஞ்சுதா, வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"போனைப் பொத்திக்கிட்டு உன்னை எட்டிப் பாத்தேன். நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுச் சாப்பிட்டுட்டு இருந்தே. ரெண்டு நாள் பொறுடா கண்ணுன்னு சொல்லிட்டேன்."