ஒற்றை விரல் சீமாட்டி

வருஷா வருஷம் ஜூன் மாதம் என் அம்மா நடப்பாள். ஒரு வருஷம் லிஸ்பனில் நடந்தாள், ஒரு வருஷம் புடாபெஸ்டில், ஒரு வருஷம் கிளாஸ்கோவில். அவள் செத்துப்போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் ஐரோப்பிய நரம்பியல் மருத்துவர்களின் சங்கம் ஆண்டு மாநாட்டை எங்கே கூட்டினாலும், ஏதோ ஓர் அரங்கில், யாரோ ஒரு பேராசிரியர் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு அவளை நடக்கவிடுவார்.

படம் மொத்தமே ஒரு நிமிஷத்துக்குள்தான். சத்தம் கிடையாது. ஆஸ்பத்திரி நடைவழியில் மஞ்சள் உள்பாவாடையும் பனியனுமாக ஒரு பெண் வெறுங்காலோடு நடக்கிறாள். ஆள் தெரியாதிருக்கப் படத்தின்மேல் கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை. இடது கையின் ஆள்காட்டி விரல் சுவரை லேசாகத் தொட்டுக்கொண்டே போகிறது. நன்றாகத்தான் நடக்கிறாள், உங்களையும் என்னையும் போல. அப்புறம் யாரோ கையைக் காட்டி நடுவில் வரச் சொல்கிறார். விரலை எடுக்கிறாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் கால் இரண்டும் கட்டையாகிவிடுகின்றன. கையை விரித்துக்கொண்டு நட்ட மரமாக நிற்கிறாள். மறுபடி சுவரில் விரல் பட்டதும் மறுபடி நடை.

இந்த இடத்தில் பேராசிரியர் கேட்பார்: ஒரே ஒரு விரல், அறுபது கிலோ உடம்பைத் தாங்குமா? அரங்கம் சிரிக்கும். ஆக, இந்த அம்மாளுக்குக் காலில் நோயில்லை, மனசில்தான் என்று பாடம் முடியும். படத்தை எடுத்தவர் வியன்னாவின் பேராசிரியர் லாக்னர். கேள்வியும் அவருடையதுதான். படத்தைக் கேட்டு வாங்கிப் போனவர்கள் எல்லாரும் கேள்வியையும் சேர்த்தே வாங்கிப் போனார்கள். ஐரோப்பா முழுக்க அவளுக்குப் பெயர் 'ஒற்றை விரல் சீமாட்டி'.

நான் முதலில் பார்த்தது லாக்னரின் வகுப்பிலேயே. மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருக்கும் அந்தக் கை கண்ணில் பட்டது. அம்மாவைத் தவிர ஊரில் வேறு யாரும் கையை அப்படி வைத்து நான் பார்த்ததில்லை. வகுப்பு முடிந்ததும் கழிப்பறையில் போய் வாந்தி எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நடிப்புக்காரியின் மகள் என்று பேர் வாங்கி எனக்கு என்ன ஆகப்போகிறது?

பிறகு நானே நரம்பியல் மருத்துவரானேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. இப்போது சங்கத்தின் மாதச் செய்தி என் பொறுப்பு. யார் எந்த ஆராய்ச்சியில் எதைக் கண்டுபிடித்தார்கள், யாருக்குப் பரிசு, யார் போய்ச் சேர்ந்தார்கள், எல்லாம் நான்தான் எழுதுகிறேன். போன வருஷம் லாக்னர் செத்தபோது அவருக்கும் அஞ்சலி எழுதினேன். மாபெரும் ஆசிரியர் என்றே எழுதினேன்.

ஆனால் நடைவழிகள் என்னை விடுவதில்லை. மாநாட்டுக்குப் போகிற ஊர்களில் ஹோட்டல் நடைவழி நீளமாக இருந்தால் போச்சு, பின்னால் சுவரில் விரல் தேய்கிற சத்தம் கேட்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். இல்லாததைக் காண்பதற்கும் கேட்பதற்கும் எங்கள் தொழிலில் எட்டுப் பெயர் இருக்கிறது, எட்டும் எனக்கு மனப்பாடம். ஒன்றுகூட அந்தச் சத்தத்தை நிறுத்தியதில்லை.

இந்த ஏப்ரலில் லூப்லியானாவிலிருந்து டாடெயா போன் செய்தாள். சின்னப் பெண், கெட்டிக்காரி, ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடுவது அவள் வேலை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருளே சிலருக்குப் புத்தி கெட்டு நரம்பைத் தாக்கும். அப்படி ஒன்று புதிதாக அகப்பட்டிருக்கிறது. அது இருப்பவர்களுக்கு ஒரு பயம், ஒரு திடீர்ச் சத்தம், எதிரே திறந்த வெளி, இவ்வளவு போதும், தசை இரும்பாகிவிடும். எதையாவது தொட்டுக்கொண்டால் தளரும். 'மனசு நோய்' என்று அந்தக் காலத்தில் முத்திரை குத்தி அனுப்பப்பட்டவர்களின் பழைய ரத்தத்தைப் பல ஊர் ஆஸ்பத்திரிகளின் குளிர்ப்பெட்டியிலிருந்து வாங்கிச் சோதித்திருக்கிறாள். லாக்னர் எதையும் தூக்கிப் போடாத மனுஷர். சீமாட்டியின் ரத்தமும் இருந்திருக்கிறது.

"டாக்டர், அந்த அம்மா நம்ம எல்லாரையும் ஏமாத்துறாங்கன்னு இத்தனை வருஷமா சொல்லிட்டுத் திரியுறோமே, நாமதான் ஏமாந்திருக்கோம்," என்றாள். "ரத்தத்துல கொட்டிக் கெடக்கு. அவங்க நடிக்கவே இல்ல."

அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். அந்தப் பெண் யாரென்று தெரியவில்லை, லின்ஸ் பக்கம், யாரோ ரயில்வேக்காரர் மனைவியாம். ஜூன் மாநாட்டில் டாடெயா கட்டுரை படிக்கிறாள். அதற்கு முன்னால் மாதச் செய்தியில் நான் ஆறு வரி எழுத வேண்டும். வானொலிக்காரர்கள் இப்போதே மோப்பம் பிடித்துவிட்டார்கள், செய்தி வெளியானதும் சொல்லப்போகிறார்களாம். வாழ்த்துச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

லின்ஸில் ரயில்வே குடியிருப்பில், அதே பழைய வீட்டில், சமையலறை மேஜைமேல் நாள் முழுக்க வானொலியைப் பாடவிட்டுக்கொண்டு ஒருவர் தனியாக இருக்கிறார். என் அப்பா எங்கெல்பெர்ட். எண்பத்தைந்து வயது.

அப்பாவுக்கு லாக்னர் அன்றைக்குச் சொன்ன வைத்தியம் இதுதான். உங்கள் மனைவி கவனத்துக்காக இதைச் செய்கிறாள், நீங்கள் கவனித்தால் வளரும். ஆகவே சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தால் யாரும் அவளோடு பேசக்கூடாது, ஏறெடுத்தும் பார்க்கக்கூடாது. நடுவில் நடந்து வந்தால் பேசுங்கள், சிரியுங்கள், கட்டிக்கொள்ளுங்கள். அப்பா ரயில்வேக்காரர், சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள். அன்று முதல் எங்கள் வீட்டில் அது சட்டம். அம்மா சுவரோரமாக வந்து "லிண்டே, பால் வேணுமா?" என்று கேட்பாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அப்போது பத்து வயசு. நடைவழியின் காகிதம் ஒட்டிய சுவரில் அவள் விரல் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. அப்பா சனிக்கிழமைகளில் சோப்புப் போட்டு அதைத் துடைப்பார்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. ஒரு நாள் காலையில் நானும் அப்பாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் விரலை எடுத்துவிட்டு நடைவழியின் நடுவில் வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள். கீழ்வீட்டில் யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள். அவ்வளவுதான். சமையலறை வாசலில் விழுந்து அடுப்பின் முனையில் தலை மோதியது. அப்புறம் அவள் எழுந்திருக்கவில்லை.

லாக்னர், சிகிச்சை பலித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு விபத்து என்று அப்பாவுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் உயிரோடு இருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். கஷ்டமான காரியம், ஆனால் சரியான காரியம், என்று. அதைத்தான் நான் போய்ப் பிடுங்க வேண்டும். நான் சொல்லாவிட்டால் வானொலி சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். நான் வருகிறேன் என்று அப்பா அடையைக் கீற்றாக நறுக்கிப் போட்ட சூப் வைத்திருந்தார். உப்புக் கம்மி. வழக்கம்போல என் தலைமுடியைக் கேலி செய்தார், வியன்னாவில் சீப்பு விற்பதை நிறுத்திவிட்டார்களா என்று. நான் வானொலியை அணைத்தேன். அவர் உடனே என்னைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைப் பற்றி, ரத்தத்தைப் பற்றி, எதிர்ப்பொருளைப் பற்றி. அந்தப் படம் ஊர் ஊராகப் போனது அவருக்குத் தெரியாது. ஆனால் அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ அதுக்கு மருந்து இருந்துச்சா?"

"இல்லப்பா. அப்போ யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"நீ பொய் சொல்றப்போ தட்டைத்தான் பார்ப்ப."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உண்மையைச் சொன்னேன். நோய்க்குப் பெயர் இல்லாவிட்டாலும் தசையைத் தளர்த்துகிற மாத்திரை அப்போதே இருந்தது. தூக்கம் வராதவர்களுக்குக் கொடுப்பார்களே, அதுதான். எங்கள் கட்டடத்தில் பாதிப் பெண்கள் அதைச் சாப்பிட்டார்கள். அம்மாவுக்குக் கொடுத்திருந்தால் நடுவில் நடந்திருப்பாள். ஆனால் உங்களுக்கு எப்படித் தெரியும் அப்பா, என்றேன். பெரிய பேராசிரியரே நடிப்பு என்று சொன்னபோது நீங்கள் என்ன செய்ய முடியும், உங்கள் மேல் தப்பே இல்லை என்றேன். வரும் வழியெல்லாம் ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சு அது.

அப்பா சூப்பை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"அவ நடிக்கலன்னு. ஆஸ்பத்திரியிலேந்து வந்த அடுத்த வாரமே ஒரு தடவை விழுந்தா. நீ ஸ்கூலுக்குப் போயிருந்த. பிளாட்பாரத்துல பனியில வழுக்குறவங்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். குடிகாரன்கூட விழுறப்போ கையை ஊனுவான், லிண்டே. அவ ஊனல. மூஞ்சி தரையில படுற வரைக்கும் கை அப்படியே இருந்துச்சு. எவளும் அப்படி நடிக்க மாட்டா."

அடுத்த வாரமே என்கிறார். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் இந்த மேஜையில் உட்கார்ந்து நாங்கள் அவளோடு பேசாமல் இருந்திருக்கிறோம்.

"தெரிஞ்சும் ஏம்ப்பா? ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே?"

அவர் கணக்குத் தவறிய பிள்ளை மாதிரி தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஒரு வாரம் பேசாம இருந்தாச்சு. அப்புறம் பேசினா, அந்த ஒரு வாரம் என்னன்னு ஆயிடும்? சரி, இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், டாக்டர் சொன்ன மாதிரி சரியாயிடுச்சுன்னா நல்லதுன்னு நெனச்சேன். அப்புறம் அது ரெண்டு வாரமாச்சு. மாசமாச்சு. ஆக ஆக வாயைத் திறக்க முடியாமப் போச்சு. அவகிட்ட என்னன்னு சொல்றது?"

நான் அவரை அடித்திருப்பேன். எண்பத்தைந்து வயது ஆளை. அதே நிமிஷத்தில் அவர் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். பாவி மனுஷா, பாவி மனுஷா என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

கிளம்பும்போது அப்பா என் கோட்டை எடுத்துக் கொடுத்தார். நடைவழியின் நடுவில் நின்றுகொண்டு கேட்டார்.

"ரேடியோல அவ பேரைச் சொல்லுவாங்களா?"

சொல்ல மாட்டார்கள், நோயாளியின் பெயரை வெளியிடுவதில்லை, குடும்பம் சம்மதித்தால்தான் என்றேன்.

"நான் சம்மதிக்கிறேன். ஹெர்மினான்னு முழுப்பேரும் போடு. அவ நடிக்கலன்னு போடு." என் கோட்டுக் காலரை நேராக்கிவிட்டார். "அவகூட யாரும் பேசக்கூடாதுன்னு வீட்டுல வச்சிருந்தவன் பேரையும் போடு. எங்கெல்பெர்ட்டுன்னு. தெரிஞ்சே செஞ்சான்னு போடு."

இதெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஆறு வரியும் எழுதிவிட்டேன். அன்றைய மருத்துவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று ஒரு வரி இருந்தது, அதை அடித்துவிட்டேன். ஐரோப்பா முழுக்க யாரைப் பார்த்துச் சிரித்ததோ அந்தப் பெண்ணின் பெயர் ஹெர்மினா, அவர் என் தாய் என்று எழுதினேன். அப்பா கேட்டது தண்டனை. அதைக் கொடுக்கவும் கை வரவில்லை, மறுக்கவும் வாய் வரவில்லை. நாளைக்கு அனுப்ப வேண்டும், அவர் காலையிலிருந்து இரண்டு தடவை போன் செய்துவிட்டார், பேரைப் போட்டாயா என்று கேட்கத்தான் இருக்கும். நான் இன்னும் போனை எடுக்கவில்லை.