ஸ்டோருக்கு வேற ஆள் பாருங்க

மாஸ்டருக்கு வாரத்தில் ஆறு நாள் பஸ் டிப்போவில் வேலை. இருநூற்றுப் பத்து டிரைவர்கள், தொண்ணூற்றாறு வண்டிகள். யார் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது, யாருக்கு என்றைக்கு ஓய்வு என்று கட்டம் போட்டு ஒட்டுவது அவர்தான். ஒரு டிரைவர் மூன்று வாரம் அதிகாலை வண்டி ஓட்டிவிட்டால் நாலாவது வாரம் தானாக மதிய வண்டிக்கு மாறிவிடுவார், யாரும் வந்து கெஞ்ச வேண்டியதில்லை. "என் கட்டத்துல ஒருத்தனுக்கு அநியாயம் நடந்துச்சுன்னு எவனாவது சொல்லட்டும், பாக்கலாம்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். ஏழாவது நாளான சனிக்கிழமை அவர் சாரணர் படைக்கு மாஸ்டர். அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார்.

படை கூடுவது ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில். இருபத்துநாலு பிள்ளைகள், மூன்று அணிகள். மண்டபத்துக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட அறை ஒன்று உண்டு, அதுதான் ஸ்டோர். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கதவைத் திறந்தால் சாமான்கள் வந்து ஆளைக் கட்டிப்பிடிக்கும். ஈரத்தோடு சுருட்டிய கூடாரங்கள் பூசணம் பூத்து நாறும். ஒரு முகாமுக்கு ஏழு கூடாரத் துணிகளும் ஐந்து கூடாரங்களுக்கான கம்பிகளும் போய்ச் சேர, மாஸ்டர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதன்மேல் படுத்தார். வந்த இருமல் ஒரு மாதம் போகவில்லை.

அதற்கப்புறம்தான் படையில் இருந்த ஒரு பெண்ணிடம் ஸ்டோர் போனது. அப்போது அவளுக்குப் பதினைந்து வயசு. லேசில் சிரிக்க மாட்டாள், எதையும் மறக்க மாட்டாள், பிடித்தால் விட மாட்டாள். மூன்றே மாதத்தில் ஒவ்வொரு மரச்சுத்திக்கும் ஒரு நம்பர், ஒவ்வொரு கயிற்றுக்கும் ஓர் ஆணி. ஈரக் கூடாரத்தை எவனாவது கொண்டுவந்து போட்டால் போச்சு, அவனை நிற்க வைத்து வறுத்தெடுத்துவிடுவாள். சாவிக்கொத்து எந்நேரமும் அவள் பெல்ட்டில் தொங்கியதால் பேரே சாவி என்று ஆகிப்போனது.

மாஸ்டர் நிம்மதியாகத் தூங்கினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படையில் பொறுப்புகள் மாறும். கொடி தூக்கியவன் கணக்கெடுப்பான், கணக்கெடுத்தவள் புதுப்பிள்ளைகளுக்கு முடிச்சு சொல்லிக்கொடுப்பாள். ஸ்டோர் மட்டும் மாறவே மாறாது. யார் வீட்டிலாவது நன்றாக ஓடுகிற மின்விசிறியைக் கழற்றிப் பார்ப்பார்களா? அப்படித்தான் அவரும் நினைத்தார்.

அந்தச் சனிக்கிழமையும் பொறுப்பு மாற்றம். மண்டபத்து மேஜையைச் சுற்றிப் பெரிய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்ளும் கண்ணாடிப் பையன் ஒருவன் உண்டு, நோட்டு என்று கூப்பிடுவார்கள். அவன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தான்.

"மூணாவது அணிக்குத் தலைவர் இல்ல. அவங்க குடும்பமே ஊர் மாறிப் போயிட்டாங்க. அடுத்த சனிக்கிழமை அணியே ஓட்டுப் போட்டு ஆளை எடுத்துக்கட்டும். நிக்கிறவங்க பேர் குடுங்க. அப்புறம் ஸ்டோர், வழக்கம்போல சாவி" என்றார் மாஸ்டர், கட்டத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

சாவி பெல்ட்டிலிருந்து கொத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "ஸ்டோருக்கு வேற ஆள் பாருங்க மாஸ்டர். மூணாவது அணிக்கு நான் நிக்கிறேன்."

"என்னம்மா இது, நீ போயிட்டா ஸ்டோர் என்னத்துக்கு ஆகும்? இந்தத் தடவை மட்டும் பாத்துக்கோ, அடுத்த..."

"அடுத்த தடவை எனக்குக் கிடையாது மாஸ்டர்." அவள் குரலை உயர்த்தவில்லை. "தங்கப் பட்டயத்துக்கு எல்லாமே முடிச்சாச்சு. நீச்சல், முதலுதவி, வரைபடம், எல்லாம். பாக்கி ஒண்ணுதான், ஆறு மாசம் ஓர் அணிக்குத் தலைமை. அதுவும் பதினெட்டு வயசு ஆகறதுக்குள்ள முடிக்கணும். அடுத்த சனிக்கிழமை பொறுப்புக்கு வந்தா, ஆறு மாசம் முடிஞ்ச நாலாம் நாள் எனக்குப் பிறந்தநாள். இதை விட்டா அவ்வளவுதான்."

தங்கப் பட்டயம் என்றால் படையின் கடைசிப் படி. பதினொரு வயசில் அரை டிராயரும் அழுக்கு ஸ்கார்ஃபுமாகச் சேருகிற பிள்ளைகளில் நூற்றுக்கு ரெண்டு பேர் அங்கே ஏறினால் பெரிசு. ஆறரை வருஷம் ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்தவள் இவள்.

"அடடா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேன் மாஸ்டர்."

நோட்டு பக்கத்தைப் புரட்டினான். "சொல்லியிருக்காங்க மாஸ்டர், மூணு தடவை. மூணு தடவையும் 'அடுத்த முறை பார்க்கலாம் என்று மாஸ்டர் கூறினார்'னு எழுதியிருக்கேன். தேதி படிக்கட்டுமா?"

"வேண்டாம்பா" என்றார் மாஸ்டர். முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிறவர், வளவளவென்று பேசுகிற ஆள் இல்லை. "உங்க டிப்போல ஒரு டிரைவரை ரெண்டு வருஷம் ஒரே வண்டியில வெச்சிருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"யூனியன்காரங்க என்னை உரிச்சுத் தொங்கவிட்டிருப்பாங்க."

"இந்தப் பொண்ணுக்கு யூனியன் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்." தட்டை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பிப் பார்த்தார். "பாவம் பாக்கறேன்னு இப்ப போய் நடுவுல மூக்கை நுழைக்காதீங்க. உங்களுக்குக் கை சும்மா இருக்காது."

சும்மா இருந்ததா? இல்லையே. மூன்றாவது அணிக்கு இன்னொருவனும் நின்றான். பதினைந்து வயசுப் பையன், ரேடியோ என்று பேர். எழுந்ததிலிருந்து தூங்குகிறவரை வாய் ஓயாது, அவன் இருக்கிற இடத்தில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அணிக்கு அவன் செல்லப்பிள்ளை. சாவியும் அதே அணிதான், ஆனால் ரெண்டு வருஷமாக ஸ்டோரிலேயே கிடந்தவளை அந்த அணிக்கு எப்படித் தெரியும்? ஈரக் கூடாரத்துக்குத் திட்டுகிற அக்காவாகத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை டிப்போவுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்ற ரேடியோவின் தோளில் மாஸ்டர் கையைப் போட்டார். உனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்குடா தம்பி, அக்காவுக்கு இது ஒண்ணுதான், கொஞ்சம் யோசிச்சுப் பாரேன் என்றார். அவன் நல்ல பிள்ளை. உடனே சரி என்றான். உடனே எல்லாரிடமும் சொல்லியும்விட்டான், பேர் சும்மாவா வைத்தார்கள்?

புதன்கிழமை மாலை டிப்போவில் மாஸ்டரின் ஜன்னலுக்கு வெளியே சாவி நின்றாள், தோளில் புத்தகப் பையோடு.

"ரேடியோகிட்ட என்ன சொன்னீங்க மாஸ்டர்?"

"தப்பா ஒண்ணும் சொல்லலம்மா. என்னால ஆன தப்பு, நானே சரி பண்ணலாம்னு..."

"ஸ்டோரையும் நீங்கதான் குடுத்தீங்க. அணியையும் நீங்களே குடுப்பீங்களா?" அவளுக்குக் கண் கலங்கியது, கலங்கியதே என்று கோபமும் வந்தது. "போட்டியே இல்லாம போய் நின்னா அந்தப் பிள்ளைங்க எனக்கு எதுக்குக் காது குடுக்கணும்? அவனை நிக்கச் சொல்லுங்க. நானும் சொல்லிட்டுத்தான் வரேன்."

"தோத்துட்டா?"

பின்னால் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. "தோத்தா அழுவேன்" என்றாள். "ஆனா அது என் பாடு."

அவள் போன பிறகு மாஸ்டர் ஒரு டிரைவருக்கு ஒரே நேரத்தில் ரெண்டு வண்டி எழுதிவிட்டு அழித்தார். வெட்கமாக இருந்தது. அவள் ஜெயிக்கவேண்டுமே என்று கவலையாகவும் இருந்தது.

சனிக்கிழமை வந்தது. ரேடியோ மறுபடி நின்றான். சாவியையும் சேர்த்து அணியில் எட்டுப் பேர். எட்டுச் சீட்டு ஒரு தொப்பிக்குள் போய் வெளியே வந்தது. நோட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தான். நாலுக்கு நாலு.

"சரிசமமா வந்தா மாஸ்டர் ஓட்டுத்தான் கடைசின்னு விதி இருக்கு" என்றான் நோட்டு.

மொத்த மண்டபமும் மாஸ்டரைப் பார்த்தது. சாவி மட்டும் தரையைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை, பட்ட கடன் தீர்ந்தது, போய் நிம்மதியாகத் தூங்கலாம். வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. மென்று விழுங்கினார்.

"என் ஓட்டுக்கு இன்னிக்கு லீவு" என்றார். "ஆளுக்கு ஒரு தடவை அணியை வெளியே கூட்டிட்டுப் போய்ப் பெரிய கூடாரத்தை நிறுத்துங்க. அப்புறம் அணியே இன்னொரு தடவை ஓட்டுப் போடட்டும்."

ரேடியோ முதலில். பதினெட்டே நிமிஷம். அவன் பேசப் பேச சிரிப்பும் கும்மாளமுமாகக் கூடாரம் எழுந்தது, கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு. முளைகளில் பாதியை அவனே அடித்தான். சின்னப் பிள்ளைகள் மூன்று பேர் கயிற்றைப் பிடித்தபடி அவனை வேடிக்கை பார்த்தார்கள். பிரித்துப் போட்டார்கள். அடுத்தது சாவி.

அவள் நேரே போய் மரச்சுத்தியை எடுத்தாள். முதல் முளை, ரெண்டே அடி. ரெண்டாவது, மூன்றாவது. அடியென்றால் அடி, அவ்வளவு சுத்தம். மாஸ்டருக்குத் திக்கென்றது. போச்சு, முழுக் கூடாரத்தையும் தானே நிறுத்தி முடித்துவிட்டு ஓட்டில் தோற்கப்போகிறாள். ரெண்டு வருஷம் ஓர் அறையில் தனியாக விட்டால் வேறு எப்படி வரும்? கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். மனைவியின் முகம் ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டார்.

நாலாவது முளைக்காகச் சாவி கையை நீட்டித் திரும்பினாள். ஏழு பேரும் வரிசையாக, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள், ஸ்டோர் வாசலில் சாமான் வாங்க நிற்பதுபோலவே. அவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர்களை ஒருமுறை பார்த்தாள், சுத்தியை ஒருமுறை பார்த்தாள். பிறகு போய் எல்லாரிலும் சின்னவளான குட்டியின் கையில் சுத்தியைக் கொடுத்தாள்.

"நீ அடி."

"எனக்கு அடிக்கத் தெரியாதுக்கா. யாரும் விட்டதே இல்ல."

"எனக்கும் சும்மா நிக்கத் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்கலாம்."

குட்டியின் முதல் அடி மண்ணில் விழுந்தது. ரெண்டாவதும். மூன்றாவது அடி முளைத் தலையின் ஓரத்தில் பட்டு, முளை கோணிக்கொண்டது. சாவியின் தோள் ஒவ்வொரு அடிக்கும் தூக்கிப்போட்டது. ஆனால் கையைப் பின்னால் கட்டி, ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். "சரியா வருது, சாய்ச்சுப் பிடி" என்று வாயால் மட்டும் சொன்னாள். கம்பி தூக்க இருவரை அனுப்பினாள். கயிறு கட்டுகிறவன் தப்பாகக் கட்டியபோது, அவிழ்த்து இன்னொரு தடவை கட்ட விட்டாள். ரேடியோவைப் பார்த்து, "நீ பேசிக்கிட்டே இருடா, இவங்களுக்குக் கை அப்பத்தான் ஓடுது" என்றாள். அவன் பேசினான். நாற்பத்தொரு நிமிஷம் ஆனது. கூடாரம் நின்றது. குட்டி தான் அடித்த கோணல் முளையை விட்டு நகர மாட்டேன் என்று அங்கேயே குந்திக்கொண்டாள்.

மறுபடி எட்டுச் சீட்டு. ஆறுக்கு ரெண்டு, சாவி.

அவள் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து அழுதாள். ஜெயித்தும் அழுகையா என்று குட்டி கேட்டதற்குச் சிரிப்பும் வந்துவிட்டது. ரெண்டும் ஒன்றாக வர, மூக்கை ஸ்கார்ஃபிலேயே துடைத்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தான் ஒன்றுமே செய்யாமல் நின்ற நாற்பத்தொரு நிமிஷத்தைப்போல ஒரு வேலையை அவர் அந்த மண்டபத்தில் அதுவரை செய்ததில்லை.

"சரி, ஸ்டோருக்கு யாரு?" என்று கேட்டார்.

எல்லாருக்கும் சட்டென்று ஷூ லேஸ் அவிழ்ந்துபோனது. குனிந்துகொண்டார்கள். ரேடியோதான் கையைத் தூக்கினான்.

"நான் எடுத்துக்கறேன் மாஸ்டர். ஆனா ஆறே மாசம். எழுதிக் குடுங்க."

மாஸ்டர் சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், ஊரையே சிரிக்கவைக்கிற பையன் சிரிக்காமல் நிற்கிறான். இருபத்துநாலு பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள். நோட்டு வெள்ளைத்தாள் ஒன்றைக் கிழித்து மேஜைமேல் தள்ளிவிட்டு, பேனாவையும் மூடி கழற்றி நீட்டினான்.

இருநூற்றுப் பத்து டிரைவர்கள் வாய் திறந்து கேட்காத ஒன்றைப் பதினைந்து வயசுப் பிள்ளை கேட்கிறான். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. கேட்டானே என்று சந்தோஷமாகவும் இருந்தது. அவர் உட்கார்ந்து நிதானமாக எழுதினார்: ஸ்டோர் பொறுப்பு இன்று முதல் ஆறு மாதம் மட்டுமே, அதன்பின் எக்காரணம் கொண்டும் நீட்டிக்கப்படாது. கீழே கையெழுத்துப் போட்டார்.

ரேடியோ வாங்கி ரெண்டு தடவை படித்தான். "முடியற தேதி போடலையே மாஸ்டர்" என்றான்.

மாஸ்டர் தாளைத் திரும்ப வாங்கித் தேதியைப் போட்டார். எண்ணிலும் எழுதி, எழுத்திலும் எழுதினார்.