இடது கைக் குளிர்காலம்

பழைய பதிவேட்டைத் தூசி தட்டித் திறந்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இதோ விழுந்துவிடுவோம் என்று மிரட்டிக்கொண்டு நின்றன. முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தைய குளிர்காலம். எழுதியவர் அவள் கணவர். இந்த வானிலை நிலையத்தில் தினமும் சாயங்காலம் அதிகபட்ச வெப்பநிலையைப் பார்த்துக் குறிப்பவர். சட்டென்று சூடாகிவிடுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பாதரசம். அவர் குறிப்பதையெல்லாம் கூட்டிப் பெருக்கிச் சராசரி காண்பது அவள் வேலை. வீட்டில் கூட்டிப் பெருக்குவது அவர்.

வட்டாரம் முழுவதும் அதிகபட்ச வெப்பம் பருவத்துக்குப் பருவம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மேலிடம் கேட்டிருந்தது. கோடை ஏறியதைக் கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை, முதுகு வியர்வையே சொல்லிவிடும். குளிர்காலம்தான் கமுக்கமாக, கோடையைவிட வேகமாக ஏறியிருந்தது. ஆனால் வரைபடக் கோட்டின் தொடக்கத்தில் அந்த ஒரு குளிர்காலம் மட்டும் அநியாயத்துக்குத் துருத்திக்கொண்டிருந்தது. அதைத் தேடித்தான் பதிவேட்டுக்கு வந்தாள். முந்தைய நாளின் எண்ணே மறுநாளும் எழுதப்பட்டிருந்தது. பத்தொன்பது இடங்களில். ஒரு நாளின் குறிப்பில் ‘காலை முதல் மழை’ என்று இருந்தது. மதியம் எடுத்த வெப்பம் இருபத்தொன்று. அதிகபட்சமோ, நேற்றைய அதே இருபத்தெட்டரை.

பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் மாதிரிதான் அதிகபட்சம் காட்டும் தெர்மாமீட்டரும். ஏறிய பாதரசம் தானாக இறங்காது, ஓங்கி உதற வேண்டும். உதறாவிட்டால் நேற்றைய வெயில் இன்றைக்கும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பத்தொன்பது நாட்களையும் அடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் குறித்தவர் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் இந்த நிலையத்தின் மொத்தக் கணக்கையும் தள்ளிவிடுவார்கள். மனிதர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். ஒரு நாள்கூடத் தப்பாகக் குறித்ததில்லை என்று வீடு பார்க்க வந்தவரிடம்கூடச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் தயங்கவில்லை. இந்தப் பாதரசம் எதுவரை ஏறும், எப்போது இறங்கும் என்பது அவளுக்கு அத்துப்படி.

“ஏங்க, இதுல பத்தொம்பது கையெழுத்து போடணும்.”

அவர் படித்துப் பார்த்தார். காது மடல் சிவந்தது. “வெளையாடறியா? முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள் தப்பினதில்ல நான்.”

“மழை நாள்ல இருபத்தெட்டரை எப்படிங்க வரும்?”

“உதறினேன். தெனமும் உதறினேன்.”

“எந்தக் கையால?”

அவர் தன் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க வலது கையில் மாவுக்கட்டு. அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் பார்க்கட்டும் என்று, இரண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டிக் காட்டி, நேராகக் காம்பவுண்ட் சுவரில் போய் மோதியதன் பலன். அந்தப் பெண் இப்போது எதிரே பேனாவை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“இடது கைக்கு அவ்வளவு தெம்பு இல்ல,” என்றார் மெதுவாக. “லீவு போட்டா வேற ஆளப் போட்டுடுவாங்க. அப்புறம் ஒன்ன எப்படிப் பாக்கறது?”

முப்பத்தோரு வருஷமாக இதை ஒரு வார்த்தை சொல்லவில்லையே இந்த மனுஷன்! ஆனாலும் நீட்டிய பேனாவை மட்டும் அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

“அதுக்கு அந்தக் குளிர்காலம் என்ன பாவம் பண்ணுச்சு? இந்தப் பத்தொம்பதப் புடிச்சுக்கிட்டு நின்னா, நீங்க ஒழுங்கா உதறின பதினோராயிரம் நாளும் சேந்து போயிடும்ங்க.”

அவர் எழுந்து வெளியே போனார். குறிக்கும் நேரம் ஆகிவிட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெள்ளைப் பெட்டியைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்தார், கண்ணருகே வைத்துப் படித்தார், பிறகு வலது கையை ஓங்கி உதறினார். ஒரு தடவை. இரண்டு. மூன்று. தேவைக்கு மேலேயே ஒரு தடவை.

உள்ளே வந்து இன்றைய எண்ணை எழுதினார். குளிர்காலத்துக்கு அது அதிகம்தான். பிறகு பழைய பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். பேனா வலது கையிலிருந்து இடது கைக்கு மாறியது.

“என்னங்க இது?”

“தப்பு பண்ணின கை எதுவோ, அதுவே போடட்டும்.”

முதல் கையெழுத்து அந்த எண்களைப் போலவே ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. தாள் நகர்ந்தது. அவள் குனிந்து, அது நகராதபடி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.