சாப்பிட்டு முடிக்கட்டும்

வெங்காயத்தை வதக்காதே என்று பெரியவள் சொல்லி முடிப்பதற்குள் தம்பி அதை எண்ணெயில் கொட்டிவிட்டான். சட்டி போட்ட கூப்பாடு வீடு முழுக்கக் கேட்டது. அவள் பாய்ந்து சமையலறைக் கதவைச் சாத்தினாள். கதவுக்கும் தரைக்கும் இடையில் இருந்த சந்தில் துண்டைச் சுருட்டி அடைத்தாள்.

"எத்தனை தடவைடா சொல்றது? வாசனை போனா அப்பாவுக்குக் குமட்டும்."

"ரொட்டியும் ஜாமும் தின்னு தின்னு எனக்குத்தான் குமட்டுது அக்கா. ராத்திரி பூரா பஸ் ஓட்டிட்டு வந்திருக்கேன். நாலு உருளைக்கிழங்கு, நாலு முட்டை, கொஞ்சம் சோறு. இதுக்குப் போய் என்னைத் தூக்குல போடுவியா?"

"கடையில சாப்பிட்டு வந்திருக்கலாம்ல?"

"கடைக்காரன் என்ன என் மாமனாரா, தெனம் அங்கேயே போய் உக்கார?"

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். பெரியவளுக்கு மருந்துக்கடையில் வேலை. எந்த மாத்திரை எதற்கு, எதை எதோடு கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதனாலேயே அப்பா படுக்கையில் விழுந்ததும் வீட்டின் சாவி சொல்லாமல் கொள்ளாமல் அவள் கைக்கு வந்துவிட்டது. படுக்கையறைக் கதவு வழியாக ஆஸ்பத்திரிக் கட்டில் நுழையவில்லை என்று அதை ஹாலில் போட வைத்தது அவள். சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளி அதன்மேல் மருந்துகளை அடுக்கியதும் அவள்தான். அப்பாவால் விழுங்க முடியாமல் போன அன்று அவள் ஒரு சட்டம் போட்டாள். இனி அவர் கண்ணெதிரே யாரும் எதையும் தின்னக்கூடாது. வறுப்பது, பொரிப்பது, தாளிப்பது எதுவும் கூடாது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நின்றுகொண்டே, திருடித் தின்பவர்கள் மாதிரி ஆளுக்கொரு நேரத்தில் எதையோ வாயில் போட்டுக்கொண்டார்கள். தங்கை பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துபவள்; ஓயாமல் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போகிறவள். அவளும் இந்த வீட்டுக்குள் வந்தால் கிசுகிசுவென்றே பேசினாள். அம்மா என்ன சாப்பிடுகிறாள், சாப்பிடுகிறாளா என்பதே யாருக்கும் தெரியவில்லை.

வெங்காயம் சிவந்துகொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து தங்கையின் குரல் வந்தது.

"அக்கா, அப்பா கூப்பிடறாரு. தீ ஜாஸ்தியா இருக்காம்."

தம்பி கரண்டியை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தான். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே போனாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். காதுதான் அவருடைய முதல் கருவி. கீழ்த்தளத்தில் நின்றபடியே, மேலே எந்தச் சக்கரத்தில் மசகு தீர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். உடம்பு பாதியாக வற்றிப்போயிருந்தாலும் காது அப்படியே இருந்தது.

"சாத்திட்டேன்பா. இனிமே வாசனை வராது."

"தொற."

"என்னப்பா?"

"கதவை." மூச்சு வாங்கிக்கொண்டார். "வீடா இது? ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கு. அந்த மேசையை இழுங்க. இங்க. எல்லாரும் உக்காந்து சாப்பிடுங்க."

"நீங்க பாத்துட்டே படுத்திருப்பீங்க, நாங்க எப்படிப்பா திங்கறது? தொண்டையில இறங்குமா?"

அப்பா கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். கோபமோ என்று நினைத்தாள். பேசுவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"நான் சரிபண்ண லிஃப்டுல எல்லாம் நான் ஏறிப் போனேனா? கதவு மூடி, மேல போற சத்தம் கேட்டா போதும். பையைத் தூக்கிட்டு வந்துருவேன்."

ஒரு மனிதனுக்குக் கொடுக்க முடியாததை அவன் முன்னால் உட்கார்ந்து தின்பது கொடுமை. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை நாளும் அவருக்காக அவள் செய்த ஒரே நல்ல காரியம் அது என்றுகூட நினைத்திருந்தாள். அம்மாவைப் பார்த்தாள். கட்டிலருகே பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டில் வைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை.

"மருந்தையெல்லாம் அலமாரிக்கு மாத்திடு. மேசையைத் துடை," என்றாள். தங்கையிடம், "குட்டி, நீ போய் தட்டு எடுத்துட்டு வா."

மேசை கட்டிலை ஒட்டி வந்து நின்றது. அம்மா கட்டில் பக்கமாகவே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். எதிரே தம்பியும் தங்கையும். ஓரத்தில், அப்பாவின் முகம் தெரிகிற இடத்தில் பெரியவள். சோறு, பருப்பு, மொறுமொறுவென்று வறுத்த உருளைக்கிழங்கு, வெங்காயம் போட்டுக் கிளறிய முட்டை. விருந்து என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஆவி பறக்க மேசையில் வந்து உட்கார்ந்தபோது எல்லாருக்கும் சட்டென்று பசித்தது. அது அவர்களுக்கே வெட்கமாக இருந்தது.

முதலில் அவர்கள் முன்பின் தெரியாதவர் வீட்டில் சாப்பிடுகிறவர்கள் போலச் சாப்பிட்டார்கள். தங்கை ஒவ்வொரு பருக்கையாக எடுத்து வாயில் வைத்தாள். தம்பி மெல்லும் சத்தம்கூட வெளியே வராமல் மென்றான். பெரியவள் தட்டையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் குமட்டவில்லை. மூக்கு லேசாக விரிந்தது. அப்புறம் முகம் சுளித்தார்.

"என்னப்பா? வலிக்குதா?"

"யாரு... செத்துட்டாங்க?" என்றார்.

தம்பிக்குப் புரையேறியது. அம்மா அவன் தலையில் தட்டினாள். அந்த நேரம் பார்த்துத் தங்கை அவன் தட்டிலிருந்த நன்றாக முறுகிய துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏய்! வச்சுட்டுப் போ. அதைக் கடைசியில திங்கணும்னு ஓரமா வச்சிருந்தேன்."

"வாயில போயிடுச்சு. வேணும்னா எடுத்துத் தரட்டா?"

"சீ! பசங்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கறியா பள்ளிக்கூடத்துல?"

"நீ பஸ்ல ஸ்டாப்பிங் தாண்டி நிறுத்தறவன்தானே? நீ பேசாத."

"அம்மா, பாரும்மா இவளை."

"ரெண்டு பேருக்கும் கழுதை வயசாச்சு," என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே தன் தட்டிலிருந்த முறுகல் ஒன்றை எடுத்துத் தம்பிக்கு வைத்தாள். தங்கை உடனே தன் தட்டையும் நீட்டினாள். அப்பாவின் விரல்கள் போர்வையின் மேல் மெல்ல அசைந்தன. அம்மா தன் இடது கையைக் கொண்டுபோய் அந்தக் கையைப் பிடித்து, இரண்டையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பிறகு வீடு பழையபடி ஆகிவிட்டது. யார் குறட்டை பெரிது என்பதிலிருந்து பேச்சு எங்கெங்கோ போய், வழக்கம்போல மிக்ஸிக் கதைக்கு வந்து சேர்ந்தது. இந்தக் கதையைத் தம்பிதான் சொல்வான். தங்கைதான் திருத்துவாள்.

"மிக்ஸி ஓடலைன்னு அம்மா சொன்னாங்க. நம்ம ஆளு சும்மா இருப்பாரா? பட்டறையிலேருந்து ஏதோ ஒரு ஸ்பிரிங்கைக் கொண்டாந்து உள்ள மாட்டிட்டாரு. அன்னிக்குன்னு பாத்து அவரோட மேனேஜர் சாப்பிட வர்றாரு..."

"மேனேஜர் இல்ல. பெரிய மேனேஜர். மொட்டைத் தலை."

"மொட்டை இல்லடி, முன்வழுக்கை. அது முக்கியமா? கேளு. அம்மா தக்காளியைப் போட்டு பட்டனைத் தட்டுனாங்க. மூடி ராக்கெட் மாதிரி போச்சு. தக்காளி பூரா கூரையில. கூரையிலேருந்து சொட்டு சொட்டா நேரா அந்த ஆளு தலையில..."

"சட்டையில."

"தலையிலதான்! நான் பாத்தேன். நம்ம ஆளு என்ன சொன்னாரு தெரியுமா? அலட்டிக்கவே இல்ல. 'சார், லோடு கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு.'"

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பெரியவள் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. தம்பி எச்சில் கையாலேயே கூரையைக் காட்டினான். எத்தனை முறை சுண்ணாம்பு பூசினாலும் வெளியே வந்துவிடும் அந்த மங்கிய கறை அங்கேதான் இருந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

அப்பாவும் பார்க்கிறாரா என்று பார்க்க, பெரியவள் முதலில் தலையைத் தாழ்த்தினாள்.

அவர் பார்க்கவில்லை. கண் பாதி மூடியிருந்தது. வாய் சற்றே திறந்திருந்தது. இரண்டு நாளாகவே ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து பழகியிருந்தாள். இப்போதும் காத்திருந்தாள். தம்பி கதையை மேலே கொண்டுபோனான். மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார், துடைத்தார், இன்னொரு சொட்டு விழுந்தது. போர்வை எழும்பவில்லை.

அவள் எழுந்துவிட்டாள். இந்த நிமிடத்துக்காக எல்லாவற்றையும் மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். முதலில் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அப்புறம் இன்னாருக்கு, அப்புறம் இன்னாருக்கு. வாயைத் திறந்தாள்.

"எங்கக்கா போற? உக்காரு. கிளைமாக்ஸே இனிமேதான்," என்றான் தம்பி. அவன் தட்டில் பாதிச் சோறு இருந்தது. கண்ணைச் சுற்றி ராத்திரி வண்டி ஓட்டிய கருப்பு. தங்கை பருப்பை வழித்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் கழுத்தெலும்பு தெரிகிற அளவு இளைத்திருந்தாள். சொன்னால் இந்தக் கைகள் அப்படியே நின்றுவிடும். இன்றைக்கு மட்டுமில்லை, நாளைக்கும் இவர்கள் வாயில் எதுவும் போகாது.

"பருப்பு எடுத்துட்டு வரேன்," என்றாள்.

சமையலறையில் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். திரும்பி வந்து, கட்டிலுக்கும் அவர்களுக்கும் நடுவில், அப்பாவின் முகத்தை மறைத்தாற்போல நின்றாள். தம்பிக்கு ஒரு கரண்டி ஊற்றினாள். தங்கைக்கு ஒரு கரண்டி. கரண்டி தட்டில் இடித்தது.

"போதும் போதும். இன்னிக்கு என்ன இப்படிக் கவனிக்கற? கொஞ்சம் முன்னாடி சட்டியைப் புடுங்கவே வந்த."

"திங்கறதைத் தின்னு."

"அப்பா தூங்கிட்டாரா?" என்றாள் தங்கை, எட்டிப் பார்க்க முயன்றபடி.

பெரியவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து மறைத்தாள்.

"கண் அசந்துட்டாரு. நீ சாப்பிடு," என்றாள் அம்மா.

பெரியவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவசரமில்லாமல் ஒரு வாய் உருட்டி எடுத்து, தின்று, இன்னொன்று உருட்டினாள். இடது கை போர்வைக்குள்ளேயே இருந்தது. முழங்கைவரை உள்ளே போயிருந்தது. அந்தக் கைக்குத் தெரியாமல் அங்கே எதுவும் நடந்திருக்க முடியாது. கதையில் மேனேஜர் வருவதற்கு முன்பே தெரிந்திருக்கும். அந்தச் சிரிப்புக்கு முன்பே.

"அம்மா..."

"நின்னுட்டே இருக்காத. உன் தட்டுல போட்டது அப்படியே இருக்கு பாரு. உக்காந்து சாப்பிடு."

அவள் உட்கார்ந்தாள். சோறு ஆறிப்போயிருந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தாள். இறங்காது என்று நினைத்தாள், இறங்கியது. உருளைக்கிழங்கை எடுத்தாள். நன்றாக இருந்தது. தம்பி இவ்வளவு நன்றாகச் சமைப்பான் என்று அவளுக்குத் தெரியாது. அதை அவனிடம் சொல்லவும் செய்தாள். அவன் காதுவரை சிவந்து, "கிண்டல் பண்ணாத அக்கா," என்றான்.

தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் அவள் சாப்பிட்டாள்.

தங்கை மிச்சமிருந்த முட்டையைத் தம்பிக்குத் தெரியாமல் எடுக்கப் பார்த்தாள். அவன் பார்த்துவிட்டான். பங்கு போட்டுக்கொண்டார்கள். அவன் ஏப்பம் விட்டதும் "மாடு" என்றாள். "நீதான் கடைசியா எடுத்த, நீதான் கழுவணும்" என்று அவனும், "சமைச்ச நீதான் இத்தனை பாத்திரத்தையும் அழுக்காக்குன" என்று இவளும், தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்கள். அங்கே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

அம்மா எழுந்திருக்கவில்லை. வலது கையை முன்னால் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். விரல்களில் ஒட்டிய பருப்பு காய ஆரம்பித்திருந்தது. கழுவப் போவதென்றால் இடது கையை எடுக்க வேண்டும்.

பெரியவள் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அம்மா கையை அதில் விட்டாள். ஒரு கையால் அந்தக் கையையே கழுவிக்கொள்ள முடியாது. பெரியவள் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினாள். நக இடுக்குகளையும் கழுவினாள். தண்ணீர் மஞ்சளானது.

"அவங்களைக் கூப்பிடட்டுமாம்மா?"

"இரு. கை கழுவிட்டு வரட்டும்."

பெரியவள் துண்டை எடுத்து அந்தக் கையைத் துடைத்தாள். சமையலறையில் ஏதோ ஒரு மூடி கீழே விழுந்து சுற்றிச் சுற்றி அடங்கியது. தங்கை சிரிப்பது கேட்டது. குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.